படங்கள் கிளவுடில் ஏறிவிட்டால் கைப்பேசியிலிருந்து நீக்கலாமா?

கேள்வி: என்னுடைய ஆண்ட்ராய்டு கைப்பேசி 64 ஜிபி கொள்ளளவு கொண்டது. இடம் நிரம்பிவிட்டது என்று தினமும் அறிவிப்பு வருகிறது. படங்கள் கூகுள் போட்டோஸில் இருக்கின்றன; மடிக்கணினியிலும் அவற்றைப் பார்க்க முடிகிறது. கைப்பேசியில் மட்டும் நீக்கினால் அங்கே பத்திரமாக இருக்குமா? இதற்கிடையில் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியும் தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. கட்டணம் செலுத்தி இடம் வாங்குவதா, 256 ஜிபி கைப்பேசியாக மாற்றிக்கொள்வதா? (வாசகி, மதுரை)

பதில்: எதையும் நீக்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 15 ஜிபி தீர்ந்த நாளிலிருந்து உங்கள் புதிய படங்கள் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள கூகுளின் சேமிப்பிடத்துக்கு, ஏறுவது நின்றுபோயிருக்கும். பழைய படங்கள் மடிக்கணினியில் தெரிவதால் எல்லாமே ஏறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அண்மையில் எடுத்தவை உங்கள் கைப்பேசியில் மட்டுமே இருக்கக்கூடும். போட்டோஸ் செயலியின் மேல் மூலையில் உள்ள உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டால், பேக்அப் (படங்கள் கிளவுடில் ஏறுவது) முடிந்ததா, நின்றிருக்கிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களையும் தனியே பாருங்கள். கேமரா கோப்புறை தானாக ஏறும். வாட்ஸ்அப் கோப்புறையை நாமே தேர்ந்தெடுத்தால்தான் ஏறும்.

இனி நீக்கும் முறைக்கு வருவோம். போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தைத் திறந்து குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால், அது கைப்பேசி, கிளவுட், மடிக்கணினி என எல்லா இடத்திலிருந்தும் போய்விடும். பேக்அப் ஆன படம் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குள் மீட்காவிட்டால் பிறகு கிடைக்காது. கைப்பேசியில் மட்டும் இடத்தை விடுவிக்க, கணக்குப் படத்தைத் தொட்டதும் வரும் பட்டியலில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். அது கிளவுடில் ஏறிவிட்ட படங்களின் கைப்பேசிப் பிரதியை மட்டும் நீக்கும், ஏறாதவற்றைத் தொடாது. அதன்பிறகு அந்தப் படங்களை முழுத் தெளிவுடன் பார்க்க இணைய இணைப்பு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கட்டும் முன், அந்த 15 ஜிபியை எது தின்றது என்று பாருங்கள். படங்கள், ஜிமெயில், டிரைவ் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த அளவு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்அப்பும் இப்போது அதிலேயே கணக்காகிறது. அது நிரம்பிவிட்டால் உங்கள் ஜிமெயிலுக்குப் புதிய மின்னஞ்சல் வருவதும் தடைபடும் என்பதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இடத்தை அடைப்பவை காணொளிகளே. ஐபோனின் கேமரா அமைப்பில் ஆப்பிளே தரும் கணக்குப்படி, நொடிக்கு 30 பிரேம் வேகத்தில் எடுக்கும் ஒரு நிமிடக் காணொளி 1080பி தரத்தில் ஏறத்தாழ 60 எம்பியும், அதைவிடத் தெளிவான 4கே தரத்தில் ஏறத்தாழ 170 எம்பியும் பிடிக்கும்.

பேக்அப் தரத்தை 'ஸ்டோரேஜ் சேவர்' என்று மாற்றினால், படங்கள் 16 மெகாபிக்சலுக்கும் காணொளிகள் 1080பி தரத்துக்கும் மிகாமல் சுருங்கும். வீட்டுப் படங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. இந்தத் தரத்தில் 2021 ஜூன் 1-க்கு முன் ஏற்றிய படங்கள் 15 ஜிபியில் சேர்வதில்லை. ஆகவே இடம் பிடிக்குமே என்று அவற்றை நீக்குவதில் பயனில்லை.

இதற்குப் பிறகும் போதாவிட்டால் கூகுளின் கட்டணச் சேமிப்புச் சந்தாவான கூகுள் ஒன் 100 ஜிபி திட்டத்தை எடுங்கள். இந்தியாவில் அதன் வழக்கமான கட்டணம் மாதம் 130 ரூபாய், ஆண்டுக்கு 1,300 ரூபாய். வாங்கும் நாளில் செயலியில் காட்டும் விலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைக் குடும்பத்தில் மேலும் ஐந்து பேருடன் பகிரலாம். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க முடியாது. வீட்டில் மூன்று பேர் தனித்தனியாகச் சந்தா கட்டுவது வீண்செலவு. இடத்துக்காக மட்டும் 256 ஜிபி கைப்பேசி வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் அது தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ உள்ளே இருப்பவை அனைத்தும் அதோடு போய்விடும்.

கேள்வி: ஐபோனில் ஐகிளவுட், கூகுள் போட்டோஸ் இரண்டையும் வைத்திருக்கிறேன். இடத்தை விடுவிக்க எதைப் பயன்படுத்துவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஆப்பிளின் கிளவுட் சேவையான ஐகிளவுட் போட்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது கூகுளின் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பொத்தானை அழுத்தாதீர்கள். அது ஐபோனிலிருந்து நீக்கும் படம் ஐகிளவுடிலிருந்தும், அதே கணக்கில் உள்ள ஐபேடிலிருந்தும் நீங்கிவிடும். அமைப்புகளில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், முழு அளவுப் படம் ஐகிளவுடிலும் சிறிய பிரதி கைப்பேசியிலுமாக இருக்கும். ஐகிளவுடின் இலவச அளவு 5 ஜிபி மட்டுமே என்பதால், இந்த வழிக்குப் பெரும்பாலும் சந்தா தேவைப்படும்.

இருவருக்கும் ஒன்று: எல்லாக் கருவிகளிலும் ஒரே படங்களைக் காட்டும் ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி ஆகாது. ஓரிடத்தில் தவறி நீக்கியது எல்லா இடத்திலும் நீங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கூகுளில் உள்ள நம் தரவை மொத்தமாகப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகவோ கணினியில் பதிவிறக்கியோ படங்களை ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். எடுத்ததும் சில கோப்புகளைத் திறந்து, குறிப்பாகக் காணொளிகள் கடைசிவரை ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே கிளவுடில் எதையும் நீக்குங்கள்.