எதிர்பார்ப்பும் அதன் பிழையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூளை காண்பதையும் கற்பதையும் உடலை இயக்குவதையும் சமன்பாடுகளால் விளக்கும் ஆய்வாளர்கள் இருப்பதாகப் படித்தேன். அனுபவம் நிறைந்த ஓர் உறுப்பைச் சமன்பாட்டுக்குள் அடக்குவதால் நாம் உண்மையில் எதைத் தெரிந்துகொள்கிறோம்?

பதில்: 'அடக்குவது' என்ற உங்கள் சொல்லில் நியாயமான ஓர் அச்சம் இருக்கிறது. ஆனால் இத்துறையின் நல்ல கணித மாதிரிகள் மூளை முழுவதையும் அடக்க முயல்வதில்லை. ஏதேனும் ஒரு செயலை எடுத்துக்கொண்டு, அதைச் செய்து முடிக்க மூளை எந்தெந்த அளவுகளைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் அவை கேட்கின்றன. கற்றலைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

1972-இல் ராபர்ட் ரெஸ்கோர்லா, ஆலன் வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் மிக எளிய விதி ஒன்றை முன்வைத்தார்கள். ஒரு நிகழ்வுக்கும் விலங்கு எதிர்பார்த்ததற்கும் இடையே உள்ள வேறுபாடே கற்றலின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பழைய எதிர்பார்ப்புடன் சேர்கிறது. அந்தப் பங்கு ஐந்தில் ஒன்று, பரிசின் மதிப்பு 1 என்று வைத்துக்கொண்டால், எதிர்பார்ப்பு முதல் முறைக்குப் பின் 0.2 ஆகவும், அடுத்து 0.36 ஆகவும், அதற்கடுத்து 0.488 ஆகவும் வளரும். கூடும் அளவு வரவரக் குறைந்து, எதிர்பார்ப்பு 1-ஐ நெருங்கும்போது கற்றல் ஏறக்குறைய நின்றுவிடும். இதன் பெருமை லியோன் கேமினின் எலிச் சோதனையில் தெரிகிறது. ஓர் ஒலிக்குப் பின் மின்னதிர்ச்சி வரும் என்று நன்கு கற்ற எலிக்கு, பிறகு அந்த ஒலியோடு ஒளியையும் சேர்த்துக் காட்டி அதே அதிர்ச்சியைக் கொடுத்தால், ஒளியைப் பற்றி அது ஏறக்குறைய எதையுமே கற்பதில்லை. இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தாலே மனத்தில் தொடர்பு பதிந்துவிடும் என்ற பழைய எண்ணத்துக்கு இது புரியாத புதிர். ஒலியே அதிர்ச்சியை முன்னறிவித்துவிட்டதால் கற்பதற்கு வேறுபாடு ஏதும் மிஞ்சவில்லை என்று மேற்சொன்ன விதி விடை தந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ரிச்சர்ட் சட்டன், ஆண்ட்ரூ பார்ட்டோ ஆகிய இருவரும் கணினி தானே கற்பதற்காக, இந்த வேறுபாட்டை நொடிக்கு நொடி கணக்கிடும் முறையை வகுத்தார்கள். வேறொரு பக்கம், உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்கின் நடுமூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்து வந்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. ஒரு விளக்கு எரிந்த பின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு இடம்பெயர்ந்தது. சாறு வந்தபோது தனித்த துடிப்பு எதுவும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமற்போனால், அது வந்திருக்க வேண்டிய அதே தருணத்தில் அந்த நரம்பணுக்கள் வழக்கத்தைவிடவும் அடங்கின. கணினிக்காக எழுதிய சமன்பாடு எதைச் சொன்னதோ அதுவே உயிருள்ள மூளையில் பதிவாகியிருந்தது என்பதை ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். டோபமைனை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று அழைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்: மகிழ்ச்சி தரும் சாறு கையில் கிடைத்தும், அது எதிர்பார்த்ததே என்றால் அந்த நரம்பணுக்கள் சலனமற்று இருக்கின்றன.

கேள்வி: பிறர் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கிறோம், நமக்கு நாமே செய்துகொண்டால் சிரிப்பு வருவதில்லை. இதற்கும் அத்தகைய மாதிரிகளில் விளக்கம் உண்டா?

பதில்: உண்டு. கையை அசைக்கும் கட்டளை தசைக்குப் போகும்போதே, அதன் நகல் ஒன்றைக் கொண்டு அடுத்து என்ன உணர்வு வரும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணித்தபடி வரும் தொடுகையின் வலிமை தணிக்கப்படுகிறது. சேரா-ஜெய்ன் பிளேக்மோர், டேனியல் வோல்பெர்ட், கிறிஸ் ஃப்ரித் ஆகியோர் 1990-களின் இறுதியில் இதைச் சோதித்தார்கள். ஒருவர் தம் இடக்கையால் ஓர் இயந்திரத்தை அசைக்க, அது அவருடைய வலது உள்ளங்கையை வருடியது. அசைவுக்கும் வருடலுக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை தாமதத்தைக் கூட்டக் கூட்ட, தம் கை செய்ததே அவருக்குப் பிறர் செய்தது போலக் கூசத் தொடங்கியது. கணிப்பு தவறும் அளவுக்கு உணர்வு கூடுகிறது. இத்தகைய கணிப்பில் சிறுமூளைக்குப் பங்குண்டு என்பதை மூளைப் படப்பதிவுகள் சுட்டுகின்றன.

கேள்வி: நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் முழுமையாகக் கிடைத்துவிட்டால் மாதிரிகள் தேவைப்படாது அல்லவா?

பதில்: சி. எலிகன்ஸ் என்ற புழுவைப் பாருங்கள். அதற்கு 302 நரம்பணுக்கள் மட்டுமே உள்ளன. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-இலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் அதன் நடத்தை முழுவதையும் அந்த வரைபடத்திலிருந்து மட்டும் வருவிக்க இன்றுவரை இயலவில்லை. ஓர் இணைப்பு இருக்கிறது என்பதை வரைபடம் காட்டும். அது தூண்டுகிறதா அடக்குகிறதா, எவ்வளவு வலிமையாக, எந்த ரசாயனம் சூழ்ந்திருக்கும்போது எப்படி மாறுகிறது என்பவற்றை அது காட்டாது.