நாலு நாளில் வருமா மறதி நோய்?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. பி.பி., சுகர் உண்டு. கொஞ்ச காலமாகப் பெயர்கள் சட்டென்று வராது. போன வாரம்வரை பால் கணக்கெல்லாம் அவர்தான் பார்த்தார். நாலு நாளாக ராத்திரி எழுந்து, இறந்துபோன மாமனாருக்குச் சோறு போடச் சொல்கிறார்; பகலெல்லாம் தூங்குகிறார். டிமென்ஷியா என்று நெட்டில் பார்த்து நினைவாற்றல் மாத்திரையும், தூங்குவதற்கு வீட்டில் இருந்த அரிப்பு மாத்திரையும் கொடுக்கிறேன். இனி இப்படியேதான் இருப்பாரா?

பதில்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மீதியை அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

டிமென்ஷியா பெரும்பாலும் வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நீங்களோ நாளை எண்ணிச் சொல்கிறீர்கள். இப்படித் திடீரென்று வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். உடம்பில் வேறெங்கோ கோளாறு, தடுமாறுவது மூளை. வயதானவர்களுக்குச் சிறுநீரில் கிருமி இருந்தால் காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் மாறலாம். நிமோனியா, மலச்சிக்கல், சுகர் இறங்குவது, பி.பி.க்குத் தரும் நீர் மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைவது என்று காரணம் பல. சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டும். 118-ல் வந்த ஒரு பாட்டி, வார்டு ஜன்னலில் மாடு கட்டியிருக்கிறது, அவிழ்த்து விடு என்று என்னை விரட்டினார். சோடியம் மெல்ல ஏறியது. ஒரு வாரத்தில் காபி சரியில்லை என்று சண்டை பிடித்தார்.

சமீபத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாரா? லேசான அடியிலும் தலைக்குள் ரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்துக் குழப்பம் வரலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அரிப்பு மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது, கூகுளா? உடனே நிறுத்துங்கள். தூக்கம் வரவைக்கும் அந்தப் பழைய ரகம் வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரையும் அடைக்கும். நினைவாற்றல் மாத்திரை காசுக்குத்தான் கேடு.

பெயர் மறப்பதை இப்போதைக்கு விடுங்கள், எனக்கும் மறக்கிறது. தெளிந்து சில மாதம் கழித்து நினைவாற்றலைச் சோதிக்கலாம், பி12 வைட்டமினும் தைராய்டும் பார்க்கலாம்; சுகருக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம்.

இப்படியே இருப்பாரா என்று கேட்டீர்கள். காரணத்தைச் சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலானோர் தெளிவார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். கிளம்பும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த அரிப்பு மாத்திரை உட்பட. மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், கண் சரியாகத் தெரியாவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.