வேகம் குறைந்த பிறகும் விழும் கோல்கள்

கேள்வி: கால்பந்தில் ஸ்டிரைக்கர்கள் 30 வயதைத் தாண்டினால் தேய்ந்துவிடுவார்கள் என்கிறார்கள். அப்படியானால் சிலர் மட்டும் 35 வயதுக்குப் பிறகும் கோல் அடிப்பது எப்படி?

பதில்: முதலில் குறைவது வேகம்தான். தொடையின் பின்தசையில் ஒருமுறை காயம் கண்டவருக்கு அதே இடத்தில் மீண்டும் காயம் ஏற்படும் அபாயம் அதிகம். எனவே, தற்காப்பு வீரர்களின் முதுகுக்குப் பின்னால் விழும் பந்தைத் துரத்தியே கோல் அடித்துப் பழகியவர், கால்கள் தளரும்போது வேறு வழி தெரியாமல் திகைத்துப்போகிறார். பந்து எங்கே வந்து விழும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கணித்து அங்கே போய் நிற்கத் தெரிந்தவருக்கு அந்தத் திகைப்பு இல்லை. அந்தக் கணிப்பு வயதோடு கூர்மையாகவே செய்கிறது.

ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசாவைப் பாருங்கள். தச்சுத் தொழில் பயின்ற அவர், 20 வயதிலும் கீழ்நிலைப் பிரிவுகளில்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2002 உலகக் கோப்பையில் அவர் அடித்த 5 கோல்களும் தலையால் முட்டியவை. 2014 அரையிறுதியில், பிரேசிலுக்கு எதிராக 23ஆவது நிமிடத்தில், 36 வயதில் அவர் உதைத்த பந்தைக் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்துவிட்டார். தெறித்த பந்து திரும்பி வந்த இடத்தில் குளோசாவே நின்றிருந்தார். இரண்டாவது உதையில் பந்து வலைக்குள் போனது. ஆடவர் உலகக் கோப்பையில் அது அவருடைய 16ஆவது கோல். அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. முதல் உதை வீணானதும் தலையில் கைவைத்து நின்றிருந்தால் அந்தச் சாதனை அன்று நிகழ்ந்திருக்காது. இளம் வீரர்களுக்கு ஓட்டப் பயிற்சி அளிக்கும் நேரத்தில் பாதியையாவது, தெறித்து வரும் பந்துக்குத் தயாராக நிற்கும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: என் மகனை 16 வயதில் கிளப் அகாடமியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். ஸ்டிரைக்கராகும் அவன் கனவு அவ்வளவுதானா?

பதில்: இல்லை. அதே 16 வயதில்தான் இங்கிலாந்தின் ஜேமி வார்டியை ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் விடுவித்தது. அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, லீக் அமைப்பின் கீழ்ப்படிகளில் இருந்த அணிகளுக்கு ஆடினார். லெஸ்டர் சிட்டி அவரை வாங்கிய 2012இல் அவருக்கு வயது 25. 2015இல் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்து, நெதர்லாந்து ஸ்டிரைக்கர் ரூட் வான் நிஸ்டல்ரூயின் சாதனையை முறியடித்தார். அந்தப் பருவத்தில் லெஸ்டர் சாம்பியன் ஆனது. இந்தப் பாதை எல்லோருக்கும் வாய்க்கும் என்று உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். விடுவிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்தை எட்டுவதில்லை. ஆகவே படிப்போ கைத்தொழிலோ ஒன்று அவனிடம் இருக்கட்டும். கூடவே, சிறிய அணியாக இருந்தாலும் வாரந்தோறும் களமிறங்கி ஆடும் இடம் ஒன்றைத் தேடிக் கொடுங்கள். பெரிய அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஸ்டிரைக்கருக்குக் கோல் முன் நிற்கும் பழக்கம் விட்டுப்போகும்.