பேட்டரிக்கு முன்னால் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: என் ரிமோட் காரில் நிக்கல் பேட்டரி இருக்கிறது. 2எஸ் லிப்போவுக்கு (தொடராக இணைத்த இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி) மாறலாம் என்று பார்த்தால் 50சி, 100சி என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது? பழைய சார்ஜரே போதுமா?

பதில்: போதாது. தயவுசெய்து அதை லிப்போவில் மாட்டவே மாட்டாதீர்கள். நிக்கல் பேட்டரி நிரம்பும்போது வோல்டேஜ் லேசாக இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் அந்த மாதிரி சார்ஜர்கள் நிற்கும்; லிப்போவில் அந்த இறக்கம் வராது என்பதால் அது பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போய், செல் உப்பி, தீப்பிடிக்கும் அளவுக்கும் போகலாம். சாதாரண லிப்போவில் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை.

அதனால் முதல் செலவு, பேலன்ஸ் வசதியுள்ள, அதாவது செல்களைச் சமமாக ஏற்றும், நல்ல சார்ஜருக்கு. 2எஸ் பேக்கிலிருந்து மூன்று மெல்லிய ஒயர்களோடு ஒரு சின்ன வெள்ளைப் பிளக் வரும், அதையும் சேர்த்து மாட்டினால்தான் சார்ஜர் இரண்டு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும். திரையில் 4.20, 4.19 என்று வந்தால் சரி. ஒன்று 4.20, இன்னொன்று 4.05 என்றே நின்றால் அந்தப் பேக்கை நம்பாதீர்கள். 5000 எம்ஏஎச் (அதாவது 5 ஆம்பியர்-மணி கொள்ளளவு) பேக்கை 5 ஆம்பியரில் ஏற்றுவதுதான் பாதுகாப்பான வேகம், இரண்டு செல்லுக்கும் சேர்த்து வரும் 8.4 வோல்ட்டோடு பெருக்கினால் 42 வாட், ஆகவே 50 வாட்டுக்குக் குறையாத சார்ஜராக எடுங்கள்.

இனி பேட்டரி. உங்கள் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 2எஸ் தாங்குமா, அதில் வோல்டேஜ் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் வீணாகிவிடும். சி எண் என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியரை பேட்டரி தரும் என்பது; 5000 எம்ஏஎச், 50சி என்றால் கணக்குப்படி 250 ஆம்பியர், சாதாரண காருக்கு அது தாராளம். சி எண்ணைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஏற்றிப் போடுவது சகஜம், 100சி-க்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம் அளவு: பேட்டரித் தட்டை அளந்துவிட்டு, கெட்டியான உறை போட்ட ஹார்டு கேஸ் பேக்காக வாங்குங்கள், கனெக்டரும் பொருந்த வேண்டும்.

கேள்வி: ஓட்டி முடித்ததும் பேட்டரியை அப்படியே வைக்கலாமா?

பதில்: ஓரிரு நாளுக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் கூடாது. முழுசாக ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோடு இருக்கும், அது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தும். சூடாக இருக்கும் பேக்கை ஆறவிட்டே சார்ஜில் போடுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் போடவே போடாதீர்கள். உப்பிய பேக்கைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், அதோடு நிறுத்திவிடுங்கள்.