மணம் இருக்கிறது, இனிப்பு எங்கே? முலாம்பழம் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: கிர்ணிப்பழம் வாங்கி மூன்று நாள் வைத்திருந்தேன். வீடே மணத்தது. வெட்டினால் வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருந்தது. இன்னும் இரண்டு நாள் வைத்திருக்க வேண்டுமோ?

பதில்: இருபது நாள் வைத்தாலும் இனிக்காது. வாழைக்காயில் மாவுச்சத்து இருக்கிறது; பறித்தபின் அது சர்க்கரையாக மாறும். முலாம்பழத்தில் அப்படிச் சேமிப்பு ஏதும் கிடையாது. இலையில் உண்டாகிக் காம்பு வழியாக வருவதுதான் அதன் சர்க்கரை. அதிலும் சுக்ரோஸ் என்ற இனிப்புச் சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் பறிப்புக்கு முந்தைய கடைசி நாட்களில். நான்கு நாள் முன்னதாகப் பறித்தால் போனது போனதுதான்.

மணமும் மென்மையும் வருவது வேறு வழியில். பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு சுரந்ததும் வாசனைப் பொருள்கள் உருவாகும், சதை இளகும். இது பறித்த பிறகும் நடக்கும். அதனால் மணத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வலைத்தோல் ரகத்தில் காம்படியைப் பாருங்கள். முற்றிய காய் தானாகவே கொடியைவிட்டுக் கழன்றுகொள்ளும். அந்த இடத்தில் சுத்தமான சிறு குழி இருக்கும். கத்தியால் அறுத்த காம்புத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரப் பறிப்பு என்று அர்த்தம். வலை புடைத்து, அதற்கு அடியில் தோல் பச்சை மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும்.

வழவழப்பான வெள்ளைத் தோல் ஹனிடியூவுக்கு இந்தச் சோதனை செல்லாது. எத்திலீன் சுரப்பைத் தூண்டும் மரபணுக்கள் அதில் வேறு வடிவில் இருப்பதால் காம்பு கழலாது, மணமும் குறைவு. அறுத்துத்தான் விற்பார்கள், அது குற்றமில்லை. தோலின் பச்சைச் சாயல் போய்ப் பாலாடை நிறம் வந்திருந்தால் எடுங்கள்.

மொத்தமாக வாங்கும் ஜூஸ் கடைக்காரர்கள் சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி ஒன்று வைத்துக்கொள்ளலாம். அது காட்டும் அளவுக்குப் பிரிக்ஸ் என்று பெயர். அமெரிக்கத் தரவிதியில் கேண்டலூப் எனும் வலைத்தோல் முலாமுக்கு 9 பிரிக்ஸ் ‘நல்லது’, 11 ‘மிக நல்லது’. சாற்றைச் சதையின் நடுப்பகுதியில் எடுங்கள். தோலை ஒட்டி எடுத்தால் அளவு குறைத்தே காட்டும். நன்றாக முற்றியும் 9 தாண்டவில்லை என்றால் தோட்டத்தில் கோளாறு: நோயில் இலை கருகியிருக்கும், ஒரே கொடியில் காய் அதிகம் விட்டிருப்பார்கள், அல்லது அறுவடை நேரத்தில் தண்ணீர் கூடியிருக்கும்.

கேள்வி: உள்ளே பச்சையாக இருந்தால் பிஞ்சுதானே?

பதில்: இல்லை. பஞ்சாபின் ஹரா மது ரகம் பழுத்தாலும் பச்சைதான், நன்றாகவே இனிக்கும். ‘ஆர்’ என்ற மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தால் சதையில் பீட்டா கரோட்டின் தேங்கி ஆரஞ்சு நிறம் வரும். ஆரஞ்சு நிறச் சதையுள்ள முலாமில் வைட்டமின் ஏ சத்து கூடுதல், அவ்வளவே. நிறத்தைக் காட்டி ‘இதுதான் இனிக்கும்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மிக இனிப்பான பழத்தின் விதையை எடுத்து மாடியில் போட்டேன். காய்த்தவை ஆளுக்கொரு விதம். ஏன்?

பதில்: கடைப் பழங்களில் நிறைய, இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை நட்டால் அந்தப் பெற்றோர் குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். தாய்க்குச் சதை ஆரஞ்சு, தந்தைக்குப் பச்சை என்றால் ஒட்டுரகம் முழுக்க ஆரஞ்சாக இருக்கும். அதன் விதையில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஆரஞ்சாக வராது. இனிப்பு, தோல், மணம் எல்லாம் தனித்தனியே கலைந்துபோகும். விதை எடுத்து வைக்க ஆசையென்றால் அர்கா ஜீத், ஹரா மது போன்ற ஒட்டல்லாத ரகங்களை வாங்குங்கள்.

கேள்வி: பக்கத்தில் வெள்ளரி போட்டதால்தான் இனிக்கவில்லை என்கிறார்களே?

பதில்: சாலட் வெள்ளரிக்கு மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம் 14, முலாமுக்கு 24, இரண்டும் கலப்பதில்லை. ஆனால் வெடித்து மாவாக உதிருமே, வெல்லம் தொட்டுச் சாப்பிடும் வெள்ளரிப்பழம், அது முலாமின் இனமேதான். தேனீ மூலம் இரண்டும் கலக்கும். கலந்தாலும் இந்த ஆண்டுப் பழத்தின் சதை மாறாது. உள்ளிருக்கும் விதையை நட்டால்தான் தெரியும்.