முன்சன் அம்மாளின் அறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களை நீங்கள் ஓயாமல் புகழ்வதை நம்பி, 2004இல் வந்த ‘தி லேடிகில்லர்ஸ்’ பார்த்தேன். ஏமாற்றம். வசனம் ஒரு காட்சியில் கவிதை, அடுத்ததில் கழிப்பறை நகைச்சுவை. நடிகர்கள் ஆளுக்கொரு படத்தில் நடிக்கிறார்கள். ஒரு மூதாட்டியின் நிலவறையிலிருந்து சூதாட்ட விடுதிக்குச் சுரங்கம் தோண்டும் கொள்ளையர் கதையில் ரசிக்க என்ன இருக்கிறது?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் புகாரில் முக்கால் பங்கை நான் மறுக்கப்போவதில்லை. ஜே.கே. சிம்மன்ஸ் போன்ற நடிகரை அழைத்துவந்து வயிற்றுக் கோளாறுக்காரராக உட்கார வைத்தது அநியாயம். மார்லன் வேயன்ஸின் வசனத்தில் வசவுகளை உருவிவிட்டால் அதிகம் மிஞ்சாது.

ஆனால் படம் மிசிசிப்பி மண்ணில் கால் ஊன்றும் இடங்களை வேகமாகத் தாண்டிவிட்டீர்கள். அந்தச் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி மாநிலம் 1990இல் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தபோது, அவை தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சூது ஆடலாம், கரையில் ஆடக் கூடாது! (2005இல் கத்ரினா புயல் அந்த மிதவைகளைத் தூக்கிக் கரையில் வீசிய பிறகுதான் சட்டம் தளர்ந்தது.) படத்தில் ஆட்டம் படகில் நடக்கிறது, பணம் எண்ணும் இடம் மட்டும் தரைக்கடியில். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் இந்தத் திருட்டே இல்லை.

இன்னொன்று. மார்வா முன்சன் என்ற அந்த மூதாட்டி, ஒரு கறுப்பின விதவை, மாதம் ஐந்து டாலர் நன்கொடை அனுப்புவது பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு. தென் கரோலைனாவில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவ நிறுவனம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்த்ததில்லை. இனம் கடந்து காதலிக்கக் கூடாது என்ற விதியை 2000இல்தான் கைவிட்டது. படம் இதை ஒரு வரிகூட விளக்குவதில்லை. கொள்ளைப் பணம் மொத்தமும் அங்கே போகப்போகிறது என்று தெரிந்ததும் நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்பட்டேன்.

கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாக வரும் டாம் ஹாங்க்ஸா? பண்ணை முதலாளிகள் காலத்துக் கனவானின் உடை, எட்கர் ஆலன் போவின் கவிதை, மூச்சு வாங்கும் நீள வாக்கியங்கள். பேராசிரியர் வேடம் போடும் புளுகன்தானே, மிகையாகத்தான் பேசுவான் என்று முதல் அரைமணி நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

முன்சனாக வரும் இர்மா பி. ஹால் மட்டும், தான் நகைச்சுவைப் படத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. கெட்ட வார்த்தை பேசும் வேயன்ஸை அவர் அறைகிறாரே, அந்த அறையில் நடிப்பே தெரியாது. தன் வீட்டுக்குள் ஒருவன் அசிங்கமாகப் பேசுகிறான், வாங்கிக்கொள்கிறான், அவ்வளவுதான். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்.

முன்சனின் இறந்துபோன கணவரின் படம் சுவரில் மாட்டியிருக்கும், கவனித்தீர்களா? நடப்பதற்கு ஏற்ப அதன் முகபாவம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் கொள்ளைக் கூட்டத்தில் பாதிப் பேரைவிட அது நன்றாக நடித்திருக்கிறது.