இணையவழி வரன் தேடல்: எட்டுக் கேள்விகளும் பதில்களும்

திருச்சியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் 17 ஆண்டுகள் பணியாற்றினேன். தொடக்கத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய புகைப்படங்களையும் ஜாதக நகல்களையும் வைத்து வரன் பார்த்தோம். பின்னாளில் எல்லாம் கணினிக்கு மாறியது. அந்த அனுபவத்தை வைத்து, இம்முறை வந்த கேள்விகளுக்கு விடை அளிக்கிறேன்.

கரூர், தந்தை: என் மகளுக்கு வயது 27. எந்தத் தளத்தில் பதிவு செய்வது? எல்லாவற்றிலும் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம் ஐயா. முதலில் இரண்டு தளங்களில் இலவசமாகப் பதிவு செய்யுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியின் தமிழ்ப் பிரிவு, ஷாதி, ஜீவன்சாதி ஆகியவை பலரும் அறிந்தவை. விளம்பரத்தில் சொல்லும் லட்சக்கணக்கை விட்டுவிட்டு, வயது, படிப்பு, ஊர் என்று உங்கள் உண்மையான எதிர்பார்ப்புகளைக் கொடுத்துத் தேடுங்கள். வருபவர்களில் எத்தனை பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் தளத்துக்கு வந்து சென்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அது முப்பதுக்கும் குறைவாக இருந்தால் அங்கே பணம் கட்டாதீர்கள். கட்டுவதாக இருந்தால் மூன்று மாதச் சந்தா போதும். எத்தனை தொலைபேசி எண்களைப் பார்க்கலாம், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்ற இரண்டையும் எழுத்தில் பார்த்த பிறகே கட்டுங்கள். "இன்று மட்டும் தள்ளுபடி" என்று அழைப்பவர்கள் அடுத்த வாரமும் அழைப்பார்கள், அவசரப்பட வேண்டாம்.

பெங்களூரு, 29 வயதுப் பெண்: அப்பா எழுதிய ப்ரொஃபைலில் "அமைதியான, குடும்பப் பாங்கான பெண்" என்பதைத் தவிர என்னைப் பற்றி எதுவும் இல்லை. என்ன எழுதலாம்?

முதலில் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும், அம்மா. தொடர்பு எண் அப்பாவுடையதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் யாருக்கு விருப்பம் தெரிவிப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மையத்துக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவர் இப்படி எழுதினார்: "காலை ஆறரைக்கு மருத்துவமனையில் இருப்பேன். இரவு ஒன்பதரைக்கு உறங்கிவிடுவேன். திருமணத்துக்குப் பிறகும் வேலையைத் தொடர்வேன். என் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புவேன்." அவருக்கு வந்த விருப்பங்கள் பாதியாகக் குறைந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அந்த நான்கு வரிகளைப் படித்துவிட்டு வந்தவர்கள். பெண் பார்க்க வந்த கூடத்தில் வேலையை விடுவது பற்றிய பேச்சே எழவில்லை.

அலுவலக அடையாள அட்டை, வீட்டு வாசல், வண்டி எண் ஆகியவை தெரியும் படங்களைப் போடாதீர்கள். நீங்கள் அனுமதிப்பவர்கள் மட்டும் படத்தைப் பார்க்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். "சாதி தடையில்லை" என்று குறிப்பிடுவதற்கு முன் வீட்டில் பேசி முடிவெடுத்து விடுங்கள்; பிறகு மறுக்க நேர்ந்தால் எதிர்த்தரப்பில் இருப்பவருக்கு அது பெரிய காயம்.

மதுரை, தாய்: தளத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று காட்டுகிறது, எங்கள் ஜோதிடர் பொருந்தவில்லை என்கிறார். எதை நம்புவது?

இருவரும் ஒரே பஞ்சாங்கத்தைப் பின்பற்றினார்களா என்று கேளுங்கள். பஞ்சாங்கங்களில் திருக்கணிதம், வாக்கியம் என இரு கணிப்பு முறைகள் உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அது 2026-இல்தான். இதே வேறுபாட்டால், ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரமே மாறி வரலாம். எந்தப் பஞ்சாங்கம், எந்த ஜோதிடர் என்பதை இரு வீட்டாரும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைச் சந்திக்க வைத்து, அவர்களுக்குப் பிடித்துப்போன பிறகு ஜாதகத்தைக் காட்டி நிறுத்துவது கொடுமை.

சேலம், அண்ணன்: லண்டனில் மருத்துவராக இருப்பதாகச் சொல்லும் ஒருவர் என் தங்கையுடன் இரண்டு மாதங்களாகப் பேசுகிறார். அவர் அனுப்பிய பரிசுப் பொதி டெல்லி விமான நிலையத்தில் நிற்பதாகவும் சுங்க வரி கட்ட வேண்டும் என்றும் ஒரு பெண் அழைத்தார். தங்கை 40,000 ரூபாய் அனுப்பிவிட்டாள்.

தம்பி, இதைப் படித்ததும் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் புகார் சென்றால், எஞ்சியிருக்கும் தொகையை வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் உடனே தெரிவித்து, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்க வேண்டாம்; அவையே சான்று.

சுங்கத்துறை எந்த நாளும் தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்பதில்லை. அடுத்து, பொதியில் வெளிநாட்டுப் பணம் இருப்பதாகவும் அதற்குத் தண்டம் கட்டவேண்டும் என்றும் பெரிய தொகை கேட்பார்கள். கட்டாவிட்டால் கைது என்பார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தங்கையைத் திட்டாதீர்கள். இதே முறையில் ஏமாந்த ஒரு பேராசிரியை, வீட்டில் சொல்லப் பயந்து, மீண்டும் மூன்று முறை பணம் அனுப்பினார்.

கோவை, பெற்றோர்: மாப்பிள்ளையின் ப்ரொஃபைலில் "சரிபார்க்கப்பட்டது" என்ற பச்சைக் குறி இருக்கிறது. அதற்கு மேலும் விசாரிக்க வேண்டுமா?

கட்டாயம் விசாரிக்க வேண்டும். திருமணத் தளங்கள் பயனர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், குறைதீர்க்கும் அலுவலரின் விவரத்தை வெளியிட வேண்டும் என்று மத்திய அரசு 2016 ஜூனில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் அந்தக் குறி பெரும்பாலும் கைபேசி எண்ணையோ அடையாள அட்டையையோ பார்த்ததற்கான அறிகுறி மட்டுமே. சம்பளம், கடன், முந்தைய திருமணம் ஆகியவற்றுக்கு அது சாட்சி ஆகாது. இரண்டு சென்ட் மனை வாங்கினால் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் நம் மக்கள், மாப்பிள்ளை விஷயத்தில் தளத்தின் ஒரு குறியோடு நின்றுவிடுவது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. முன்பு சித்தப்பாவும் மாமாவும் ஊருக்குள் நடந்து விசாரித்ததை இப்போது நீங்கள்தான் செய்ய வேண்டும்.

மருத்துவர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைப் பாருங்கள். நிறுவன இயக்குநர் என்றால் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பாருங்கள். சம்பளத்துக்கு, வேலை தரும் நிறுவனம் கொடுக்கும் வரிச் சான்றான படிவம் 16-ஐ இரு தரப்பும் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் முதலில் கொடுத்தால் கேட்பதில் கூச்சம் இருக்காது. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் ஆண்டையும் கொடுத்துத் தரப்பினர் பெயரால் வழக்குகளைத் தேடலாம். ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், தந்தை பெயரையும் ஒப்பிடாமல் யாரையும் சந்தேகிக்காதீர்கள்.

அதன் பிறகு நேரில் செல்லுங்கள். விடுமுறை நாளில் வேண்டாம், வேலை நாளில் செல்லுங்கள். திருப்பூரில் சொந்தத் தொழில் என்று பதிவிட்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் நிறுவனத்துக்குப் பெண்ணின் தாய்மாமன் ஒரு புதன்கிழமை பிற்பகலில் போனார். பெயர்ப்பலகை இருந்தது, ஷட்டரில் பூட்டுத் தொங்கியது, பூட்டின் மேல் துரு ஏறியிருந்தது. மூடி எட்டு மாதங்கள் ஆகின்றன என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். பெண் வீட்டார் ஊரெல்லாம் பேசாமல் மாப்பிள்ளையையே கேட்டார்கள். தந்தை தனக்குத் தெரியாமல் அப்படிப் பதிவிட்டார் என்று சொன்ன அவர், கடன் தொகை உட்பட அனைத்தையும் அன்றே எழுதிக் கொடுத்தார். ஓராண்டு கழித்து, அவர் வேலையில் சேர்ந்த பின், அந்தத் திருமணமே நடந்தது.

திருநெல்வேலி, 34 வயதுப் பெண்: விவாகரத்து ஆனவர் என்று ஒரு வரன் வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். "வழக்கு முடிந்த மாதிரிதான்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாட்கள் உண்டு. அந்தக் காலம் முடிந்திருக்க வேண்டும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கக் கூடாது. எதிர்த்தரப்பு வராமலே பெற்ற ஒருதலைத் தீர்ப்பு என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். குழந்தை இருந்தால் பராமரிப்புத் தொகை, சந்திக்கும் நாட்கள் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்பது நாகரிகக் குறைவு ஆகாது.

தஞ்சாவூர், தந்தை: "எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்கிறார்கள். இதற்கு என்ன பொருள்?

உறுதி செய்யும் முன்பே, "நாங்கள் செய்யவிருப்பது இவ்வளவு" என்று நீங்களே தெளிவாகச் சொல்லிவிட்டு, அவர்களுடைய முகத்தைப் பாருங்கள். அதன் பிறகு கார், சவரன் என்று கேட்டால் விலகிவிடுங்கள். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் கேட்பதும் குற்றம்.

சென்னை, மகன்: என் அம்மாவுக்கு வயது 54. அப்பா இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு மறுமணத் தளத்தில் பதிவு செய்ய நினைக்கிறேன். உறவினர்கள் ஏளனம் செய்கிறார்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏளனம் செய்பவர்கள் அம்மா தனியாக இரவு உணவு உண்பதைப் பார்ப்பதில்லை. இருந்தாலும் பதிவு செய்யும் முன் அம்மாவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சம்மதித்தால் கணக்கை அவரே கையாளட்டும். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது என்பது வரை பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள்.

அப்பா அரசு ஊழியராக இருந்திருந்தால், மறுமணம் செய்யும் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக நின்றுவிடும், அதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அப்பா வழியில் வாரிசாக அம்மாவுக்கு ஏற்கெனவே வந்த சொத்துப் பங்கு மறுமணத்தால் பறிபோகாது. இரு தரப்பிலும் வளர்ந்த பிள்ளைகள் இருப்பதால், உயிலையும் வங்கி நியமனதாரர் பெயரையும் திருமணத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். எளிமையாக வீட்டில் நடத்தினாலும் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் சந்திப்பு உணவகம் போன்ற பொது இடத்தில், பகல் வேளையில் நடக்கட்டும். அம்மாவை நீங்களே வண்டியில் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான்கு மேசை தள்ளி உட்கார்ந்து காபி குடியுங்கள்.